கோடைகாலத் துருக்கிய மொழி உதவித்தொகைகள்: நோக்கவுரையின் வினாவும் கற்பவரின் விடையும்

ஆய்வுச்சுருக்கம்

கோடை விடுமுறையில் துருக்கிய மொழியைத் தீவிரப் பயிற்சியாகக் கற்பதற்கு வழங்கப்படும் உதவித்தொகைகள் கடும் போட்டிக்கு உரியவை. அவற்றின் தேர்வில் விண்ணப்பதாரர் எழுதும் நோக்கவுரை பெரும்பங்கு வகிக்கிறது. மொழியின் பொதுப்பயனைப் புகழும் நோக்கவுரையைவிட, அம்மொழி இன்றிச் செய்ய இயலாத ஒரு பணியைச் சுட்டும் நோக்கவுரையே கற்பவருக்கும் புலமை உலகிற்கும் நன்மை தரும். தேர்வுக்குழுக்களும் அதற்கேற்பத் தம் வினாவை மாற்றியமைக்க வேண்டும். இவையே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: துருக்கிய மொழி, கோடைகாலப் பயிற்சி, உதவித்தொகை, நோக்கவுரை, மொழிக் கொள்கை

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்க விரும்புவோரிடம் ‘ஏன் இம்மொழி?’ என்று கேட்பது இயல்பு. நண்பர் கேட்டால் எந்த விடையும் போதும். உதவித்தொகை வழங்கும் நிறுவனம் கேட்டால், அவ்விடையைப் பொறுத்தே ஒருவரின் கல்வி அமைகிறது. துருக்கிய மொழிக்கான கோடைகால உதவித்தொகைகளின் விண்ணப்பங்களில் இவ்வினாவே நடுவிடம் பெறுகிறது. மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதங்களும் உடன் செல்கின்றன எனினும், ஏறத்தாழ ஒரே தகுதியுடைய பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது நோக்கவுரையே. ஆகவே அவ்வுரை எதனைக் கேட்கிறது, எதனைக் கேட்கத் தவறுகிறது என்பதை ஆராய்வது பயனுடையது.

உதவித்தொகைகளின் தோற்றமும் நோக்கமும்

அமெரிக்காவில் அயல்மொழிக் கல்விக்கு அரசு பெருமளவில் நிதி வழங்கத் தொடங்கியது 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் வழியாகும். முந்தைய ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியமை அச்சட்டத்திற்கு உடனடித் தூண்டுகோலாயிற்று. பல்கலைக்கழகங்களின் வழியே இன்றும் அறியப்படும் அயல்மொழி மற்றும் வட்டார ஆய்வு உதவித்தொகை அச்சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து கிளைத்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை தொடங்கிய ‘கிரிட்டிகல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப்’ திட்டமும் தேசியப் பாதுகாப்பு மொழி முனைப்பு என்னும் அறிவிப்பை ஒட்டி எழுந்ததே. அத்திட்டம் தொடங்கிய காலத்திலேயே அரபு, வங்காளம், இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றுடன் துருக்கியமும் அதில் இடம்பெற்றது.

இவற்றினின்று சற்று வேறுபட்டது, துருக்கியிலுள்ள அமெரிக்க ஆய்வு நிறுவனம் இஸ்தான்புல் போகாசிச்சிப் பல்கலைக்கழகத்தில் உயர்நிலைத் துருக்கியத்திற்கென நடத்திவந்துள்ள கோடைகாலப் பயிற்சி. அதில் சேர ஏறத்தாழ ஈராண்டுக் கல்லூரிப் படிப்பிற்கு இணையான மொழியறிவு வேண்டும். பழைய உஸ்மானிய ஆவணங்களைப் படிக்க விரும்புவோர்க்கு ஏஜியன் கடலோரத்து அய்வாலிக் நகரை அடுத்த ஜுந்தா தீவில் ஹார்வர்டு, கோச் பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்திய கோடைப்பள்ளி புகழ்பெற்றது. துருக்கி அரசின் சார்பிலும் வாய்ப்புகள் உள்ளன. யூனுஸ் எம்ரே நிறுவனம் பல நாட்டு மாணவர்களுக்குக் கோடைகாலத் துருக்கியப் பள்ளியை நடத்துகிறது. ‘துர்க்கியே புர்ஸ்லாரி’ என்னும் அரசு உதவித்தொகை, பட்டப்படிப்பிற்கு முன் ஓராண்டு மொழிப்பயிற்சியையும் அளிக்கிறது.

அமெரிக்க அரசின் திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும், சில நேர்வுகளில் நிலையான வதிவுரிமை பெற்றோர்க்கும் மட்டுமே உரியவை. அவற்றின் நிதிமூலம் பாதுகாப்புக் கொள்கையோடு பிணைந்திருப்பதால், மொழியைக் கற்பதற்கான காரணமும் அக்கொள்கையின் சொற்களிலேயே கேட்கப்படுகிறது. ‘கிரிட்டிகல்’ என்னும் அடைமொழி மொழியின் இயல்பைக் குறிப்பதன்று. நிதி வழங்கும் அரசின் தேவையைக் குறிப்பது.

எட்டு வாரங்களின் அளவு

கோடைகாலப் பயிற்சி பெரும்பாலும் எட்டு வாரங்கள் நீடிக்கும். வாரத்திற்கு 20 மணி நேர வகுப்பு எனக் கொண்டால் மொத்தம் 160 மணி நேரமாகும். அமெரிக்க வெளியுறவுப் பணி நிறுவனம் தன் அலுவலர்கள் துருக்கியத்தில் தொழில்சார் தேர்ச்சி பெற ஏறத்தாழ 1100 வகுப்பு மணி நேரம் வேண்டும் எனக் கணித்துள்ளது. தமிழையும் அந்நிறுவனம் இதே வகுப்பிலேயே வைத்துள்ளது. ஆக, ஒரு கோடை அளிப்பது தேவையான நேரத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே.

இக்கணக்கை நோக்கவுரைகள் பலவும் மறந்துவிடுகின்றன. கோடை முடிவில் துருக்கிய நாளிதழ்களையும் நாடாளுமன்ற விவாதங்களையும் தடையின்றிப் படிப்பேன் எனத் தொடக்கநிலை மாணவர் எழுதுவது நம்பத்தக்கதன்று. அதற்கு மாறாக, இதுவரை எத்தனை மணி நேரம் கற்றேன், கோடையில் எந்நிலையை அடைவேன், அடுத்த ஈராண்டில் எஞ்சியதை எங்கு, எவ்வாறு கற்பேன் என எழுதுவோர் தம் ஊக்கத்தைச் சான்றோடு காட்டுகின்றனர்.

துருக்கிய இலக்கணமே இவ்வேறுபாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. ‘கெல்தி’ என்றால் வந்தான் என்று பொருள். சொல்பவர் அதனை நேரில் அறிந்தவர். ‘கெல்மிஷ்’ என்றால் வந்தானாம், அல்லது வந்திருக்கிறான் போலும். சொல்பவர் கேட்டோ உய்த்துணர்ந்தோ அறிந்தவர். தமிழில் ‘ஆம்’ என்னும் ஈறு ஏற்றுச் சொல்லும் பொருளின் ஒரு பகுதியைத் துருக்கியம் வினைமுற்றிலேயே வைத்திருக்கிறது. பெரும்பாலான நோக்கவுரைகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. துருக்கி கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலம், புவியரசியலில் முதன்மையான நாடு என்பன விண்ணப்பதாரர் பிறர் சொல்லக் கேட்டவை. அவர் தாமே செய்ததும் செய்யவிருப்பதும் அவற்றில் இல்லை.

பணியிலிருந்து தொடங்கும் நோக்கவுரை

துருக்கியம் இன்றி எப்பணி நடவாது என்னும் வினாவிற்கு விடை தேடும்போது நோக்கவுரை தானே கூர்மை பெறுகிறது. துருக்கிய மொழிச் சீர்திருத்த வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1928 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தை நிலைநாட்டியது. 1932இல் நிறுவப்பட்ட துருக்கிய மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களுக்கு ஈடான துருக்கியச் சொற்களைத் தேடித் தொகுத்து, 1934இல் ‘தராமா தெர்கிசி’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதாதுர்க் 1927 அக்டோபரில் ஆறு நாள்கள் தொடர்ந்து ஆற்றிய ‘நுதுக்’ என்னும் பேருரை, சில பத்தாண்டுகளுக்குள் இளைய தலைமுறைக்கு விளங்காததாகி, இக்கால மொழியில் மாற்றி எழுதப்பட்டது. ஜெஃப்ரி லூயிஸ் 1999இல் வெளியிட்ட நூலில் இச்சீர்திருத்தத்தைப் ‘பேரழிவான வெற்றி’ எனக் குறித்தமை ஆய்வாளர் அறிந்ததே.

இத்துறையில் ஆய்வு செய்யவிருக்கும் ஒருவர் ‘துருக்கியப் பண்பாட்டின் மீது எனக்கு ஆர்வம் உண்டு’ என எழுத வேண்டியதில்லை. நுதுக்கின் மூலத்தையும் மாற்றி எழுதப்பட்ட பதிப்பையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடப்போகிறேன் என எழுதினால் போதும். மூலம் அரபு எழுத்தில் அச்சானது. ஆதலின் முதற்கோடையில் இக்காலத் துருக்கியமும் அடுத்த கோடையில் உஸ்மானிய எழுத்தும் அவருக்கு வேண்டும். எந்தப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதனாலேயே தெளிவாகிறது. புலம்பெயர்ந்தோர்க்குச் சட்ட உதவி செய்ய விரும்பும் மாணவர்க்கோ பேச்சுத் துருக்கியமும் அலுவலகத் துருக்கியமும் உடனே வேண்டும். உஸ்மானிய எழுத்து வேண்டாம். இருவர்க்கும் ஒரே அறிவுரையை வழங்குவது பொருந்தாது.

தொடக்கநிலையில் உள்ள இளநிலை மாணவரிடம் இத்தகைய தெளிவை எதிர்பார்க்கலாமா என ஒருவர் வினவலாம். அது நியாயமான வினா. ஆனால் இங்குக் கூறப்படும் பணி முனைவர் பட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியின் கடிதங்களைப் படித்தல், ஒரு சிறுகதையை மொழிபெயர்த்தல், ஓர் இசைமரபின் பாடல்களைப் புரிந்துகொள்ளுதல் ஆகியனவும் பணிகளே. பணி சிறியதாயினும் அது கற்பவருடையதாக இருத்தல் வேண்டும்.

தேர்வுக்குழுக்களின் பொறுப்பு

குறை விண்ணப்பதாரர்களிடம் மட்டும் இல்லை. தேசியப் பாதுகாப்பு, பொருளியல் போட்டி என்னும் சொற்களை அறிவிப்பில் முன்வைத்துவிட்டு, நோக்கவுரைகள் அச்சொற்களையே திருப்பிச் சொல்கின்றன என வருந்துவது முறையன்று. பெரிய பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை விண்ணப்பங்களைத் திருத்தித் தருவதற்கென்றே அலுவலர்கள் உள்ளனர். அங்குள்ள மாணவரின் நோக்கவுரை பலமுறை செப்பம் பெறுகிறது. சிறு கல்லூரி மாணவர் தனியே எழுதுகிறார். பொதுப்பயனைப் பற்றிய அழகிய உரைநடையை மதிப்பிடும் தேர்வு, இவ்வேறுபாட்டைத் திறமை வேறுபாடாகக் கருதிவிடும் இடர் உண்டு. குறிப்பிட்ட பணியைப் பற்றிய நேரடி வினாவிற்கு மெருகு குறைந்த உரையாலும் விடையளிக்க முடியும்.

இவற்றை மனத்திற்கொண்டு மூன்று மாற்றங்களைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, ‘இம்மொழி ஏன் இன்றியமையாதது?’ என்பதற்குப் பதிலாக, ‘இம்மொழியைக் கொண்டு அடுத்த ஆண்டு நீவிர் செய்யவிருக்கும் ஒரு செயலைக் கூறுக’ எனக் கேட்டல். இரண்டாவது, கோடைக்குப் பிந்தைய கற்றல் திட்டத்திற்குத் தனி மதிப்பெண் வழங்கல். மூன்றாவது, பதவியால் உயர்ந்தோரின் பொதுவான பரிந்துரையைவிட, மாணவரின் மொழிக்கல்வியை நேரில் கண்ட ஆசிரியரின் கடிதத்திற்குக் கூடுதல் மதிப்பளித்தல்.

பொதுநிதியைச் செலவிடும் அரசு தனக்குரிய பயனைக் கேட்பதில் தவறு என்ன என்னும் மறுப்பு எழலாம். கேட்பது தவறன்று. ஆனால் பயனை மட்டுமே அளவுகோலாக்கினால், அரசின் தேவை மாறும்போது மொழிக்கல்வியும் தடம் மாறும். 2016ஆம் ஆண்டை ஒட்டித் துருக்கியில் நிலவிய பாதுகாப்புச் சூழலால், அமெரிக்க அரசின் கோடைகாலத் துருக்கியப் பயிற்சி அசர்பைஜானின் பாகூ நகரில் நடத்தப்பட்டது. மாணவர் வகுப்பில் துருக்கியம் கற்றனர். தெருவில் கேட்டதோ அதன் உறவுமொழியாகிய அசர்பைஜானியம். துருக்கியத்தில் விழுதலைக் குறிக்கும் வினை அசர்பைஜானியத்தில் வண்டியினின்று இறங்குதலையும் குறிக்கும். மாணவரின் பாதுகாப்பு முதன்மையானது; அம்முடிவைக் குறைகூற இடமில்லை. எனினும் மொழிச்சூழலில் மூழ்கிக் கற்றல் என்னும் குறிக்கோளே அங்கு மாறிப்போனது. மொழியின் மீது தமக்கென ஒரு பணியைக் கொண்டிருந்த மாணவரே இத்தகைய மாற்றத்தையும் தாங்கிக் கல்வியைத் தொடர இயலும்.

தமிழாய்விற்கு உரிய தொடர்பு

தமிழ் ஆய்விதழ் ஒன்றில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) திராவிட மொழிகளைத் துருக்கியத்தை உள்ளடக்கிய சித்தியக் குடும்பத்தோடு உறவுபடுத்த முயன்றார். அவ்வுறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. ஆனால் ‘எவ்லெரிமிஸ்தெ’ என்னும் துருக்கியச் சொல் வீடு, பன்மை, எம்முடைய, இல் என்னும் பொருளுடைய உறுப்புகளை ஒட்டி ‘எங்கள் வீடுகளில்’ எனப் பொருள் தரும்போது, ஒட்டுநிலை மொழிகளின் அமைப்பொப்புமையை எவரும் மறுக்க இயலாது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தைத் துருக்கியச் சீர்திருத்தத்தோடு ஒப்பிடுவோர், துருக்கியத் தரவுகளை ஆங்கில நூல்களின் வழியே எடுத்தாள நேர்கிறது. ஒன்று அரசாணையால் நடந்தது. மற்றொன்று அரசின்றித் தொடங்கியது. இவ்வேறுபாட்டை மூலத்திலிருந்து ஆராயத் துருக்கியம் வேண்டும். இந்திய, இலங்கை மாணவர்க்கு அதற்குரிய வழி துருக்கி அரசின் திட்டங்களே.

இவ்வினா தமிழை நோக்கியும் எழுப்பப்படுகிறது. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் வழியே மதுரையில் தமிழ் கற்க விண்ணப்பிக்கும் அயல்நாட்டு மாணவரும் ‘ஏன் தமிழ்?’ என்பதற்கு விடை எழுதவே வேண்டும். அவர் தமிழின் தொன்மையைப் புகழ்வதோடு நின்றால் நாம் மகிழலாம்; ஆனால் அவர் எந்த ஏட்டை, எந்தக் கல்வெட்டை, எவருடைய பேச்சைப் புரிந்துகொள்ள வருகிறார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அவர்க்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரும் அதனையே வற்புறுத்துதல் நன்று.

முடிவுரை

கோடைகாலத் துருக்கிய உதவித்தொகைகள் அரசுகளின் தேவையால் பிறந்தவை, அத்தேவை மாறுந்தன்மையது. எட்டு வாரங்கள் தேர்ச்சிக்குப் போதியவை அல்ல. நெடுங்கல்வியின் ஒரு பகுதியே. ஆகவே விண்ணப்பிப்போர் மொழியின் புகழை எழுதாது தம் பணியை எழுத வேண்டும். தேர்வோர் அப்பணியையே கேட்க வேண்டும். உதவித்தொகை கிடைக்காதோரே எப்போதும் மிகுதி. பணியை எழுதியவர்க்கு, மறுப்புக் கடிதம் வந்த பின்னும் அப்பணி எஞ்சியிருக்கும். அதற்காக அவர் மீண்டும் கற்பார்.