பின்னால் வரும் ஒட்டகம்

பணம் கொடுத்துப் பட்டினி கிடப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களை இயற்கை வைத்தியசாலைகளில் காணலாம். பணம் கொடுத்து வெயிலில் ஓடுகிறவர்களைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டதுண்டா? சில லட்சம் ரூபாய் செலவு செய்து, கடல் கடந்து போய், முதுகில் மூட்டையுடன் ஸஹாராப் பாலைவனத்து மணலில் நாட்கணக்காக ஓடி, கால் நகங்களைப் பறிகொடுத்து, கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "இது என்ன பைத்தியக்காரத்தனம்!" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அவசரப்பட்டு அவ்விதம் சொல்லிவிட வேண்டாமென்பது நமது விண்ணப்பம். இந்தப் பைத்தியத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை அறிந்து கொண்டால், ஒரு நாளும் ஓடப் போகாத நமக்கும் அதில் ஒரு வேலை உண்டென்பது விளங்கும்.

நாம் வசிக்கும் மூக்கண்டப்பள்ளி, ஓசூர் நகரத்தோடு சேர்ந்தாற் போல், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்தது. கர்நாடக எல்லை சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதால், ஊரெல்லாம் வெயிலில் வறுபடும்போதும் நமக்குக் காலை வேளையில் கொஞ்சம் குளுமை மிஞ்சுகிறது. அந்தக் குளுமையில் தெருவிலே இரண்டு வகையான மனிதர்களைப் பார்க்கிறோம். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கையில் தொங்க விட்டுக்கொண்டு முதல் ஷிப்டுக்கு வேகமாக நடப்பவர்கள் ஒரு வகை. வர்ணப் பாதரட்சை அணிந்து, மணிக்கட்டுக் கடிகாரத்தை அடிக்கடி பார்த்தபடி ஓடுகிறவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையாரில் ஒருவர் நம்முடைய பழைய மாணவர். "சார், என்றாவது ஒரு நாள் பாலைவனத்தில் ஓட வேண்டும்" என்று அவர் சொன்னதிலிருந்துதான் நாம் இந்த விஷயத்தை ஆராயத் தொடங்கினோம்.

பாலைவன ஓட்டங்களில் பெயர் பெற்றது மொராக்கோ தேசத்தில் நடைபெறும் 'மாரத்தான் தே ஸாப்ல்'. பிரெஞ்சு பாஷையில் 'மணல் மாரத்தான்' என்று பொருள். பாட்ரிக் பவர் என்ற பிரெஞ்சுக்காரர் 1984-ம் ஆண்டில், 35 கிலோ எடையுள்ள மூட்டையைச் சுமந்துகொண்டு, ஸஹாராவில் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தைப் பன்னிரண்டு நாட்களில் தன்னந்தனியாக நடந்து கடந்தார். தாம் கண்ட அனுபவத்தைப் பிறருக்கும் காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை பிறந்தது. 1986-ல் முதல் ஓட்டம் நடந்தது. சாதாரண மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டரும் சொச்சமும். மணல் மாரத்தானோ ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதைப் பல கட்டங்களாகப் பிரித்து ஓடுகிறார்கள். அவற்றுள் ஒரு கட்டம் மாத்திரம் 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்டிருக்கும். அன்று பலர் இரவு முழுவதும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள்.

இந்த ஓட்டத்தின் விதிகள் வேடிக்கையானவை; யோசித்துப் பார்த்தால் ஆழமானவையுங்கூட. அவரவர் உணவை அவரவரே சுமக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் உணவு இருக்க வேண்டுமென்று கணக்குப் பார்த்துத்தான் புறப்பட விடுவார்கள். திசை காட்டும் கருவி, ஊதல், வெயிலைப் பிரதிபலித்து அடையாளம் காட்டக் கண்ணாடி ஆகியவையும் மூட்டையில் இருந்தாக வேண்டும். ஆனால், தண்ணீர் மட்டும் அவரவர் பொறுப்பல்ல. அதை நடத்துகிறவர்கள் வழி நெடுகிலும் வைத்திருந்து அளந்து கொடுக்கிறார்கள். கொப்புளம் கண்ட பாதங்களுக்குக் கட்டுப் போட வைத்தியர் கூட்டம் ஒன்று கூடவே செல்கிறது. இரவில் படுக்க, பாலைவன வாசிகளின் முறைப்படி கறுப்புத் துணிக் கூடாரங்கள் அடித்துத் தருகிறார்கள். எல்லாருக்கும் கடைசியாக, காவலர்களுடன் ஒட்டகங்கள் மெதுவாக நடந்து வருகின்றன. ஒட்டகம் ஒருவரைத் தாண்டிவிட்டால் அவருடைய ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். இதைத் தண்டனை என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்கோ அது வேறு விதமாகத் தோன்றுகிறது. அந்த ஒட்டகத்துக்குப் பின்னால், பாலைவனத்தில் ஒருவரும் விடப்படவில்லை என்பதுதான் அதன் உட்பொருள்.

ஸஹாராவுக்குத்தான் போக வேண்டுமென்பதில்லை. நம் பாரத தேசத்திலேயே லடாக் என்னும் குளிர்ப் பாலைவனம் இருக்கிறது. லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தால் சுமார் 100 மில்லிமீட்டர்தான். டில்லி வைத்தியர் ரஜத் சௌகான் 2010-ல் அங்கே 'லா அல்ட்ரா' என்ற ஓட்டத்தைத் தொடங்கினார். தூரம் 222 கிலோமீட்டர். முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் மூவர். முடித்தவர் மார்க் காக்பெய்ன் என்ற ஆங்கிலேயர் ஒருவரே. பிற்பாடு 333 கிலோமீட்டர் ஓட்டமும், அதற்கும் பிற்பாடு 555 கிலோமீட்டர் ஓட்டமும் ஏற்பட்டன. 555 கிலோமீட்டரை 132 மணி நேரத்தில், அதாவது ஐந்தரை நாளில், முடிக்க வேண்டும். 2019-ல் புனாவைச் சேர்ந்த ஆசிஷ் கசோடேகர் அதை முடித்துக் காட்டினார். ஓடும் வழியில் கர்துங் லா கணவாய் இருக்கிறது. அங்கே நட்டிருந்த பலகை 18,380 அடி என்று பெருமை பேசிற்று; நவீனக் கருவிகளால் அளந்தவர்கள் அதைச் சுமார் 5,360 மீட்டர், அதாவது 17,600 அடிக்கும் குறைவு என்று இறக்கினார்கள். பலகை எப்படியிருந்தாலும், அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகையால் ஓட வருகிறவர்கள் முன்கூட்டியே லடாக் வந்து தங்கி, தேகத்தை அந்தக் காற்றுக்குப் பழக்கிக் கொள்கிறார்கள்.

இனி, பாலைவனத்தில் தேகம் படும் பாட்டைப் பார்ப்போம். கடும் வெயிலில் ஓடுகிறவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை சிந்தக் கூடும். வியர்வை வெறும் தண்ணீரல்ல; அதில் உப்பும் போகிறது. போன தண்ணீரை மட்டும் குடித்து நிரப்பி, உப்பை மறந்துவிட்டால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கித் தலை சுற்றும், வாந்தி வரும். முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து நேரும். 2002-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்புக் குறைந்திருந்தது தெரியவந்தது. தாகத்தால் விழுவோர் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகமாகத் தண்ணீர் குடித்து விழுவோரும் உண்டென்பது பலருக்குத் தெரியாது. வெயிலுக்கு உடம்பைப் பழக்கவும் முடியும். பத்துப் பதினான்கு நாட்கள் படிப்படியாக வெயிலில் உழைத்து வந்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். அதில் உப்பும் குறைவாகவே போகும். நம் ஓசூர்க் குளுமையில் மாத்திரம் ஓடிப் பழகியவர் நேரே ஸஹாராவில் இறங்குவது, கிணற்றில் நீந்தியவர் கடலில் குதிப்பது போலத்தான்.

தண்ணீர், உப்பு, நிழல், வைத்தியர், பின்னால் வரும் ஒட்டகம் ஆகிய இவையெல்லாம் இருக்கும் வரையில் அது விளையாட்டு. இவை கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை 1994-ல் மௌரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலியர் உலகத்துக்குக் காட்டினார். அவர் போலீஸ் உத்தியோகஸ்தர்; கட்டுமஸ்தான தேகி; பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவர். நீண்ட கட்டத்தின் போது மணற்புயல் வீசிற்று. நின்றால் மணல் மூடிவிடும் என்று அஞ்சி அவர் நகர்ந்து கொண்டேயிருந்தார். புயல் ஓய்ந்தபோது பாதை மறைந்துவிட்டது. முன்னும் பின்னும் ஒருவருமில்லை. ஆகாயத்தில் வந்த ஹெலிகாப்டருக்கு வெடி விளக்குக் காட்டினார், அவர்கள் பார்க்கவில்லை. பாழடைந்த ஒரு முஸ்லிம் ஞானியாரின் சமாதியில் ஒதுங்கி, அங்கிருந்த வௌவால்களைக் கொண்டு உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டார். ஒன்பது நாட்களுக்கு மேல் அலைந்து, நாடோடிக் கூட்டத்துச் சிறுமி ஒருத்தியின் கண்ணில் பட்டபோது அவர் இருந்தது மொராக்கோவில் அல்ல, அல்ஜீரியாவில். வழியை விட்டு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் விலகியிருந்தார். தேக பலத்தில் அவருக்கு முந்தின நாளும் குறைவில்லை, மறுநாளும் குறைவில்லை. ஏற்பாட்டின் எல்லைக்கு வெளியே போய்விட்டார்; அந்த ஒரு வித்தியாசத்தில் பந்தயம் உயிர்ப் போராட்டமாக மாறிவிட்டது.

இந்த வித்தியாசத்தை அறிய நாம் அல்ஜீரியா வரையில் போக வேண்டியதில்லை. 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. தேசத்தின் நெடுஞ்சாலைகளிலெல்லாம் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் தங்கள் ஊர்களை நோக்கி நடக்கலானார்கள். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரையில் செல்லும் 44-ம் நம்பர் சாலை நம் ஓசூர் வழியாகத்தான் போகிறது. அவர்கள் கடந்த தூரம் நூறு, இருநூறு, ஐந்நூறு கிலோமீட்டர். லடாக் ஓட்டத்துக்கும் ஸஹாரா ஓட்டத்துக்கும் அது குறைந்ததல்ல. தெலங்காணாவில் மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி, சத்தீஸ்கர் மாகாணத்தில் பீஜாப்பூர் ஜில்லாவிலிருந்த தன் ஊருக்கு மூன்று நாட்கள் நடந்தாள். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஊர் நெருங்கிவிட்ட இடத்தில் உயிர் நீத்தாள். உடம்பில் நீரும் உப்பும் குன்றியதே காரணமாயிருக்கலாம் என்று வைத்தியர்கள் கூறினார்கள். அவளுக்குப் பின்னால் ஒட்டகம் எதுவும் வரவில்லை.

தமிழ் இலக்கணக்காரர்கள் பாலைத் திணைக்குப் பிரிவையே உரிப்பொருளாக வைத்தார்கள். பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் வழி அது. ஒடிஸாவிலும் பீகாரிலும் குடும்பத்தை விட்டு வந்து, நம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் கடப்பதும் அந்த வழிதான். வழிப்போக்கனைப் பற்றி நம் முன்னோர்கள் பாட்டு மட்டும் பாடி விட்டுவிடவில்லை. சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றுவதற்குச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், சத்திரம் கட்டினார்கள். பந்தலில் நீர்மோர் கொடுத்தவர்கள் அதில் உப்புப் போட மறக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மணல் மாரத்தானை நடத்துகிறவர்கள் பெருஞ் செலவில் செய்யும் ஏற்பாட்டின் சாரம் இந்த மூன்றிலும் அடங்கியிருக்கிறது.

அந்த உப்பின் மகிமையை நவீன வைத்தியத்தில் நிலைநாட்டிய பெருமையிலும் நம் தேசத்தவர் ஒருவருக்குப் பங்குண்டு. 1971-ல் வங்காள எல்லையில் பங்காவ் என்னுமிடத்தில் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து போகவே, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக மரணம் இறங்கிற்று. இன்று பாலைவனத்தில் ஓடுகிறவர் வர்ணக் காகிதம் சுற்றி விலை கொடுத்து வாங்கும் உப்புப் பொடி, பெரும்பாலும் அந்த முகாமில் கலக்கிய நீருக்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான்.

நம் மாணவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: தாராளமாகப் போகலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் படிப்படியாகப் பழகட்டும். வெயிலுக்கு உடம்பைத் தயார் செய்யட்டும். உப்புக் கணக்கைக் கற்றுக் கொள்ளட்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் கௌரவம் பார்க்காமல் நிறுத்தத் தெரிந்து கொள்ளட்டும். அந்தப் பழக்கம் ஓட்டத்துக்கு மட்டுமன்றி, வாழ்க்கைக்கும் உதவும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டுக் கொண்டோம். சித்திரை மாதத்தில் நண்பகல் ஷிப்டுக்கு, நிழலே இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் நடந்து போகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டடம் கட்டுகிறவர்களும், சாலைக்குத் தார் போடுகிறவர்களும் அதே வெயிலில் நிற்கிறார்கள். மணல் மாரத்தானில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீர் கிடைப்பது நியாயமானால், இவர்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பானை வைப்பது அதிகமாகாது. காலையில் ஓடுகிற நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், வேனிற்காலம் மூன்று மாதமும் மூடியிட்ட பானைகளில் நல்ல தண்ணீர் நிரப்பி வைக்கலாம். பக்கத்தில் ஒரு குடம் நீர்மோரும் வைக்கலாம். அவர் சம்மதித்தார். பானைக்கு யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் யார் நிரப்புவது என்ற இரண்டு கேள்விகள் மாத்திரம் இன்னும் தீரவில்லை. மூக்கண்டப்பள்ளி நேயர்களில் இஷ்டமுள்ளவர்கள் பங்குனி முடிவதற்குள் முன்வந்தால் மிகவும் நல்லது. சித்திரை வெயில் நம் ஆலோசனை முடியும் வரையில் காத்திருக்காது.