வெள்ளி யாருடையது?

கடலடியில் கண்டெடுத்த எட்டு ரியால் நாணயம் ஏலத்துக்கு வந்தால், வாங்குவோர் அதன் ஆண்டையும் அச்சையும் தேய்மானத்தையும் கேட்கின்றனர். அவ்வெள்ளியை வெட்டியவன் யார் என்று கேட்பாரில்லை. நாம் கேட்கிறோம்.

1804 ஒக்டோபர் 5ஆம் நாள், 'மெர்சிடிஸ்' என்னும் ஸ்பானியப் போர்க்கப்பல் போர்த்துக்கல் கரைக்கு அப்பால் ஆங்கிலேயரின் தாக்குதலில் வெடித்து மூழ்கியது. 2007இல் அமெரிக்கப் புதையல் கம்பனியொன்று அங்கிருந்து ஏறத்தாழ ஆறு இலட்சம் நாணயங்களை, 17 தொன் எடை, அள்ளிச் சென்றது. வழக்கு மூண்டது. கப்பல் எமது என்றது ஸ்பெயின். சரக்கு எம் முன்னோரது என்றனர் அன்றைய வணிகரின் வழித்தோன்றல்கள். எம் மண்ணின் உலோகம் என்றது பெரு. நீதிமன்றங்கள் ஸ்பெயினின் பக்கமே தீர்ப்பளித்தன. 2012 பெப்ரவரியில் வெள்ளி இராணுவ விமானமேறி மட்ரிட் சேர்ந்தது. கம்பனி தோற்றதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அரசும் வணிகரும் வழக்காடிய அம்மன்றத்தில் சுரங்கத் தொழிலாளிக்கு ஓர் இருக்கையேனும் இருந்ததா?

பொத்தோசி மலையை நினையுங்கள். 1573 முதல் 'மித்தா' என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ், பதினாறு மாகாணங்களின் வயதுவந்த ஆடவருள் ஏழில் ஒருவர் முறைவைத்து அங்கே இழுத்துவரப்பட்டனர். ஆண்டுக்குப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர்! குடும்பத்தோடு வாரக்கணக்கில் நடந்து வந்தவர்கள், பாதரச நஞ்சிலும் கற்சரிவிலும் மடிந்தார்கள். 1812 வரை சட்டம் இதை அனுமதித்தது. நாணயத்தில் பொறித்ததோ மன்னனின் தலை.

எங்கோ நடந்த கதையென்று ஆசிரிய நண்பர்கள் எண்ணற்க. அமெரிக்கச் சுரங்க வெள்ளி ஐரோப்பிய வணிகர் கைமாறிச் சூரத்துக்கு வந்து, உருகி, மொகலாய ரூபாயாயிற்று. 1961இல் நம் தென்கடலின் கிரேட் பாசஸ் பாறையருகே கிடைத்தவை 1702ஆம் ஆண்டளவில் சூரத்தில் அடித்த அத்தகைய ரூபாய்களே. ஆதர் சி. கிளார்க் அதனை நூலாக எழுதிப் புகழ்பெறச் செய்தார். புதையலென்றால் உலகுக்கு அத்தனை ஆசை.

வன்னியில் வாழும் நாம் இவ்வாசையை நன்கறிவோம். 2009க்குப் பின் புலிகள் புதைத்த தங்கம் தேடி, நீதிமன்ற அனுமதியோடு முல்லைத்தீவு மண் எத்தனை முறை தோண்டப்பட்டது! அதே மாவட்டத்தில் 2023இல் கொக்குத்தொடுவாயில் மனித எலும்புகள் வெளிப்பட்டபோதோ, நிதியில்லையென அகழ்வு இடையில் நின்றது. தங்கத்துக்குப் பெக்கோ வரும். எலும்புக்கு வரவு செலவுத் திட்டம் பார்க்கவேண்டும்.

2025 மே மாதம் இராணுவம் தன்வசமிருந்த நகைகளைப் பொலிஸாரிடம் கையளித்தது. புலிகளின் வங்கிகளில் மக்கள் அடகுவைத்த நகைகளும் அவற்றுள் அடங்கும் என்றனர். தாலிக்கொடியை அடகுவைத்து விதைநெல் வாங்கியவளின் சீட்டு முள்ளிவாய்க்கால் மணலில் போயிற்று. சீட்டில்லை, ஆகவே உரிமையில்லை என்று நாளை ஓர் அதிகாரி சொல்வாரானால், பொத்தோசித் தொழிலாளியின் வரிசையில் அவளும் நிற்பாள். நகைகளின் படமும் எடையும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிரதேச செயலகம் ஒவ்வொன்றிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். சீட்டிழந்தோருக்கு அயலவர் சாட்சியம் போதுமென ஏற்கப்படவேண்டும். மத்திய வங்கியின் பெட்டகம் அதுவரை காத்திருக்கட்டும்.