சின்ன 'பி', பெரிய 'சி'

ஆங்கிலம் எழுதும் இந்தியருக்கு இலக்கணத்தைவிடப் பெரிய எழுத்தின் மீதுதான் பக்தி அதிகம். ஏதாவது ஓர் அலுவலகச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். கமிட்டி, ரிப்போர்ட், மீட்டிங், டிபார்ட்மென்ட் எல்லாமே பெரிய எழுத்தில் தொடங்கும். சேர்மனைச் சின்ன 'சி' போட்டு டைப் செய்து அவரிடமே கையெழுத்துக்கு அனுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? பியூனுக்குச் சின்ன 'பி' போதும்.

காரணம் புரியாததல்ல. தமிழில் மரியாதை தர 'ர்' விகுதி இருக்கிறது, போதாவிட்டால் 'அவர்கள்' இருக்கிறது. இந்தியில் 'ஜி'. ஆங்கிலத்தில் சேர்மனும் 'ஹி', பியூனும் 'ஹி'. எனவே விகுதியில் காட்ட முடியாத பணிவை முதல் எழுத்தில் காட்டிவிடுகிறோம்.

ஆனால் இன்றைய ஆங்கில விதிப்படி பெரிய எழுத்து பதவிக்கு உரியதல்ல, பெயருக்கு உரியது. வாக்கியத்தின் முதல் சொல், ஆள், ஊர், நாடு, மொழி, கிழமை, மாதம் ஆகியவற்றுக்கு உண்டு. பருவங்களுக்கு இல்லை. மே பெரிய எழுத்து, அந்த மாதத்துச் சம்மர் சின்ன எழுத்து. பதவி, பெயரோடு ஒட்டி முன்னால் வந்தால் பெரிதாகும்: பிரசிடென்ட் அப்துல் கலாம். பொதுவாக 'ஒரு பிரசிடென்ட்' என்றால் சின்ன 'பி'. உறவுக்கும் இதே கணக்குதான். 'மை அங்கிள்' சின்ன எழுத்து. அங்கிள் ராமன் பெரிய எழுத்து. தவறினால் பொருளே மாறுகிற இடங்களும் உண்டு. போலந்துக்காரரின் மொழியான போலிஷைச் சின்ன 'பி'யில் எழுதினால் ஷூவுக்குப் போடும் பாலிஷ் ஆகிவிடும்.

இந்த விதிகள் கல்வெட்டில் பொறித்தவையல்ல. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் பார்த்தால், வாக்கியத்தின் நடுவிலும் பெயர்ச்சொற்கள் பல பெரிய எழுத்தில் நிற்கும். ஜெர்மானியர்கள் எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். டென்மார்க் 1948இல் அதைக் கைவிட்டது. (நம் சுற்றறிக்கை எழுதுபவர்கள் ஜெர்மனியில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.)

சரி, மரியாதைக்கும் பெரிய எழுத்துக்கும் சம்பந்தமே இல்லையா? அமெரிக்கக் கருப்பர்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். இன்று வழக்கொழிந்துவிட்ட 'நீக்ரோ' என்ற சொல்தான் அப்போது அவர்களின் பெயர். பத்திரிகைகள் பலவும் அதைச் சின்ன 'என்'னில் அச்சிட்டன. ஐரிஷ், இத்தாலியன் எல்லாம் பெரிய எழுத்தில். எண்பது லட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய எழுத்து பெறும் தகுதி உண்டு என்று 1899லேயே எழுதியவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். இது பெயர், வெறும் வர்ணனை அல்ல என்பதுதான் வாதம். அதாவது கேட்டது சலுகையை அல்ல. இலக்கண விதியைத் தங்களுக்கும் பொருத்தச் சொன்னார்கள்.

நியூயார்க் டைம்ஸ் இறங்கிவர 1930 மார்ச் ஆனது. இது அச்செழுத்து மாற்றம் மட்டுமல்ல, தலைமுறைகளாக 'லோயர் கேஸில்' கிடந்தவர்களின் சுயமரியாதையை அங்கீகரிப்பது என்ற பொருளில் அந்தப் பத்திரிகை தலையங்கமும் எழுதியது. அச்சுக்கோப்பவர்கள் பெரிய எழுத்துகளை மேல்பெட்டியிலும் சின்ன எழுத்துகளைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்திருந்ததால் வந்த பெயர் அது. யாரைக் கீழே வைப்பது என்பது அச்சகத்தில் மட்டும் முடிவாகிற விஷயமல்லவே.

பிறகு 'பிளாக்' என்ற சொல் வந்தது. மறுபடியும் சின்ன எழுத்து. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பின், சில வாரங்களிலேயே அசோசியேட்டட் பிரஸ்ஸும் நியூயார்க் டைம்ஸும் பெரிய 'பி'க்கு மாறின. 'ஒயிட்'டை இரண்டுமே சின்ன எழுத்தில் விட்டுவைத்தன. வாஷிங்டன் போஸ்ட் இரண்டையும் பெரிதாக்கியது.