ஒளிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கல்லிலே சட்டம் எழுதி வைத்த ஊர் நம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவதை நாம் அனைவரும் அறிவோம். அவற்றிலுள்ள மற்றொரு செய்தியைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்பதே அது. அந்த விதியின் உட்பொருளை இன்று நம் சிற்றூர்களுக்கு வரும் கண்ணாடி இழைக்கும் பொருத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. 2015-இல் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் உள்ளது. நல்ல திட்டம்தான், ஐயமில்லை. ஆனால் இணைப்பு அறுந்த நாளில் என்ன நடக்கிறது? சாதிச் சான்றுக்கும் உதவித்தொகை விண்ணப்பத்திற்கும் மாணவன் பேருந்தேறி நகரத்திற்கு ஓடுகிறான். கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறாள். கெடு நாள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இழையின் இரு முனைகளிலும் உள்ள ஸ்விட்சில் விரலளவு மாட்யூல் ஒன்று செருகப்பட்டிருக்கும். மின்குறியை ஒளியாக்கி அனுப்புவதும், வந்த ஒளியை மின்குறியாக்குவதும் அதன் வேலை. ஒளி செல்லும் உட்கருவின் விட்டம் சுமார் 9 மைக்ரான். நம் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. அதன் முகத்தில் ஒரு தூசு படிந்தாலே வழி அடைபடும்!

இணைப்பு நின்றதும் "மாட்யூல் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பது பலருடைய வாடிக்கை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! முதலில் இணைப்பியின் முகத்தைத் துடைக்க வேண்டும். சட்டை நுனியால் அல்ல, அதற்கென உள்ள தூய துணியால். இழை எங்கேனும் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை இழை வகையாயின், ஒருமுனை 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மறுமுனை அதைக் கேட்கும் வகையாக இருக்க வேண்டும். ஒரே வகை இரண்டை எதிரெதிரே வைத்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஆகவே இழையின் முனையை உற்றுப் பார்ப்பது ஆபத்து.

அடுத்தது அளவு. அனுப்பும் ஒளி, பெறும் ஒளி இரண்டையும் பெரும்பாலான மாட்யூல்கள் தாமே அளந்து சொல்லும். 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல் குறையும். 8 கிலோமீட்டருக்கு 2.8, இணைப்பிகளுக்கு ஒன்றிரண்டு சேர்த்தாலும் 5-ஐத் தாண்டாது. 15 டெசிபல் குறைந்திருந்தால், அனுப்பும் முனை சரியாக இருக்கும்போது, குற்றம் வழியில் இருக்கிறது. அனுப்பும் ஒளியே மங்கியிருந்தால்தான் அந்த முனையின் மாட்யூல் குற்றவாளி.

ஆனால் "குறைந்திருக்கிறது" என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரிய வேண்டுமல்லவா? ஆகவேதான் கணக்கு வேண்டும் என்கிறேன். இணைப்புக் கொடுத்த நாளில் இரு முனை அளவுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு பதிய வேண்டும். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். விளக்கு அணையும் முன்பே எண்ணெயை ஊற்றிவிடலாம்.

"இது பொறியாளர் வேலை, கலைக் கல்லூரிக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். டெசிபல் என்பது நாம் படிக்கும் மடக்கைதான். முழு அகப்பிரதிபலிப்பு நம் ஆய்வுக்கூடப் பாடம்தான். ஒளியளவி சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. நரிந்தர் சிங் கபானி என்ற இந்தியர் 1954-இல் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். அத்தகைய மண்ணில் பிறந்த நாம், பழுது பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வரும்வரை கைகட்டி நிற்கலாமா?

ஊருக்கு இருவர் இக்கலையைக் கற்கட்டும். குறிப்பேடு மக்கள் பார்வைக்கு இருக்கட்டும். ஏரிக்கும் தோட்டத்திற்கும் வாரியம் அமைத்துக் கணக்குக் கேட்ட ஊர், ஒளிக்கும் கணக்குக் கேட்கட்டும்!