நம் பக்கத்துப் பொய்

2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களை எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. முகநூலும் வாட்ஸ்அப்பும்தான் அவர்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. மறு ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக அதே வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடப் போன சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்திருந்தார்.

இவை இரண்டையும் சேர்த்துவைத்துப் பேசும் வகுப்பறை நம்மிடம் இல்லை. கேரளம் இதில் முந்திக்கொண்டது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி பற்றி 2017இல் பரவிய வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் ஊசி வேண்டாம் என்று மறுத்ததைப் பார்த்த கண்ணூர் ஆட்சியர் மீர் முகமது அலி, அடுத்த ஆண்டே 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனம்காணும் வகுப்புகளைத் தொடங்கினார். 2024இல் அங்கே ஐந்தாம், ஏழாம் வகுப்புப் பாடநூல்களிலேயே உண்மை சரிபார்ப்பு இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடும் இதைச் செய்யவேண்டும். ஆனால் தடுப்பூசி வதந்தியோடு நின்றுவிடக் கூடாது என்பதே நம் கவலை.

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 15 முதல் 27 வயது வரையிலானவர்களிடம் ஜோசப் கேன், பெஞ்சமின் போயர் இருவரும் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. தங்கள் கருத்துக்கு ஒத்துவரும் பதிவு என்றால், அதில் பொய் இருந்தாலும் இளைஞர்களில் பலர் சரி என்றே சொன்னார்கள். அரசியல் நன்கு தெரிந்தவர்களையும் அந்த அறிவு காப்பாற்றவில்லை. ஊடகக் கல்வி பெற்றவர்களே தம் பக்கத்துப் பொய்யையும் பொய் என்று கண்டுகொள்வதில் தேறியிருந்தார்கள்.

2023 மார்ச்சை நினைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. எங்கோ எதற்கோ நடந்த சண்டைகளை இங்கே நடந்தவையாக ஒட்டியிருந்தார்கள். திருப்பூர்த் தொழிலாளர்கள் அஞ்சி நடுங்கினார்கள். நம் இளைஞர்கள் அந்தப் பொய்யைக் கொதித்தெழுந்து மறுத்தார்கள், பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அதே தொழிலாளர்களைத் திருடர்கள் என்றும் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்றும் தமிழில் சுற்றும் மீம்களை எத்தனை பேர் நிறுத்திக் கேள்வி கேட்டோம்? வகுப்பறையில் எழவேண்டிய கேள்வி இது. இதை எழுப்பாத ஊடகக் கல்வி, எதிராளியை மடக்க இன்னொரு ஆயுதம் தருவதோடு முடிந்துபோகும்.

‘நம்பாதே, பகிராதே’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாலும் போதாது. அப்படி வளரும் பிள்ளை எதையும் நம்பாமல், எதிலும் சேராமல் ஒதுங்கிவிடும். பதினொன்றாம் வகுப்பு மாணவி தன் ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி வந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்ளட்டும். படம் எப்போது எடுத்தது, முதலில் வெளியிட்டது யார், நாளிதழ்கள் என்ன எழுதின என்று தேடட்டும். உண்மை என்று தெரிந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும், தான் கண்டதைத் தன் பெயரிலேயே எழுதட்டும்.

இப்படி ஒரு வகுப்பை நடத்த ஆசிரியர்கள் தயங்குவதில் வியப்பில்லை. பாடவேளையில் ஒரு கட்சியின் பெயர் அடிபட்டாலே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே பாடநூலை அச்சிடும் முன்பாகவே பள்ளிக் கல்வித்துறை ஓர் அரசாணை வெளியிடவேண்டும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என எவருடைய பதிவையும் வகுப்பில் ஆராயலாம், அதற்காக எந்த ஆசிரியர் மீதும் நடவடிக்கை கிடையாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கவேண்டும்.