குளிருக்குக் கரிச்சட்டியா?

கோபாலபுரத்தான் குளிரைப் பற்றி எழுதப் புறப்பட்டானே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். பாலக்காட்டுக் கணவாயில், இரு மாநிலங்களும் கைகோக்கும் எல்லையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வேண்டுவது மின்விசிறிதான், கணப்பு அன்று. ஆனால் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே மலையேறினால் சில மணி நேரத்தில் மூணாறு வந்துவிடும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த உறவினர் சிலர் எனக்கு உண்டு. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். சேர்த்த பணத்தில் சிறு வீடு கட்டுகிறார்கள். "தம்பி, கரண்டுக் கணப்பு வைக்கலாமா? எதை வாங்கலாம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

வைத்தே தீர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கடைக்குப் போவது கடைசி வேலை என்பதும் என் கருத்தே.

மூணாறு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. செண்டுவரை போன்ற தோட்டங்களில் சில ஆண்டுகளில் சனவரி மாதத்து வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இக்குளிரில் ஏழை மக்களுக்கு எது துணை? கரிச்சட்டி! கதவையும் சன்னலையும் இறுக அடைத்து, நடுவே தணலை வைத்துவிட்டு உறங்குகிறார்கள். அத்தணலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. உறங்கியவர் எழுவதில்லை. மலையூர்களிலிருந்து இத்தகைய செய்தி வருவது புதிதன்று.

இதைவிடக் கொடிய முரண் உண்டா, நண்பர்களே? கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் எழுந்தது மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில். 1976இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கித் திட்டத்தின் ஆற்றல் 780 மெகாவாட். ஊருக்கெல்லாம் ஒளி தரும் மலையிலே மக்கள் கரிப்புகையில் மூச்சுமுட்டுவதா? கனடாவின் கியூபெக் மாகாணமும் நீர்மின்சாரம் பெருகிய நாடுதான். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் சூடு தருவது மின்சாரம். மாண்ட்ரீல் நகரில் வாழும் நம் தமிழர் வீடுகளிலும் சுவரின் அடியில் நீண்டு கிடக்கும் தகரப்பெட்டியைக் காணலாம். அதுவே அடிச்சுவர்க் கணப்பு.

அதன் அமைப்பு மிக எளிது. உள்ளே ஒரு மின்தண்டு. அதைச் சுற்றி அலுமினியத் தகடுகள். குளிர்காற்று கீழ்வழியே நுழைந்து, சூடேறி, மேல்வழியே எழுகிறது. விசிறி இல்லை, ஓசை இல்லை, புகை இல்லை. வேண்டிய வெப்பம் வந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தும். குளிர் இறங்குவது சன்னல் வழியாகவே ஆதலால், சன்னலின் கீழே பொருத்துவது மரபு.

எதை வாங்கலாம்? "எண்ணெய்க் கணப்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும், பீங்கான் கணப்பு அதைவிட மிச்சப்படுத்தும்" என்று விளம்பரக்காரர் முழங்குவர். நம்பாதீர்கள்! கம்பியைச் சூடாக்கும் கணப்பு எதுவாயினும் ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரிதான் தரும். வேறுபாடு கருவியில் இல்லை, அறையில் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே உட்கூரை இல்லாவிட்டால், கதவின் அடியில் விரலளவு இடுக்கு இருந்தால், காசு கொடுத்து வாங்கிய வெப்பம் மலைக்காற்றோடு போய்விடும். எனவே முதற்செலவு உட்கூரைக்கும் கதவுக்கும் ஆகட்டும்.

அடுத்த செலவு கம்பிக்கு. 1,500 வாட் கணப்பு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் வானொலிக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் கரிச்சட்டிக்குப் பதில் தீவிபத்தையே வரவழைக்கிறோம். கணப்புக்கெனத் தனி வழி வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக்கம்பி, 16 ஆம்பியர் எம்.சி.பி., நல்ல எர்த், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இத்தனையும் வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனே செய்யட்டும். கணப்புக்கு நேர் மேலே பிளக் கூடாது. திரையும் போர்வையும் ஒரு முழம் தள்ளியிருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தால் வோல்ட்டைப் பாருங்கள். 120 வோல்ட் கருவி இங்கே எரிந்துபோகும். 240 வோல்ட் கருவி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவாகச் சூடு தரும்.

அதன் பின்னரே அளவு. சதுர அடிக்கு 10 வாட் என்பது பொதுக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1,200 வாட் போதும்.

"ஏழைக்கு இது கட்டுமா?" என்பார் உளர். நியாயமான கேள்வி. 1,200 வாட் இரவு ஆறு மணி நேரம் இடைவிடாது எரிந்தால் 7.2 யூனிட், மாதம் 216 யூனிட். கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதப் பயனீடு 250 யூனிட்டைத் தாண்டினால் படிமுறைக் கட்டணம் போய், முழுதுக்கும் ஒரே வீதம் விழும். அதனால்தான் சொல்கிறேன்: வீடு முழுவதற்கும் வேண்டாம். முதியோரும் குழந்தைகளும் உறங்கும் ஓர் அறைக்கு மட்டும் வையுங்கள். காற்று புகாத அறையில் தெர்மோஸ்டாட் பாதி நேரம் ஓய்ந்திருக்கும். கணக்கும் அதற்கேற்பக் குறையும். வசதியுள்ளோர் வெப்பமும் தரும் குளிர்சாதனப் பெட்டியை எண்ணலாம், அது வெளிக்காற்றின் வெப்பத்தை இறைத்து உள்ளே விடுவதால், ஒரு யூனிட்டுக்குப் பன்மடங்கு பயன் தருகிறது, விலைதான் கூடுதல்.

குளிர்காய்வது பங்களாக்காரரின் உரிமை, போர்த்திக்கொள்வது லயத்துக்காரரின் விதி என்று எவரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு மலையேறும் பொறியியல் நண்பர்கள் ஓர் அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். கூரை, கதவு, கம்பி, எர்த் நான்கையும் பார்த்து, வீட்டுக்காரருக்கு ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுக்கட்டும். கற்ற கல்விக்கு அதைவிடச் சிறந்த தேர்வு எது?