சராசரி நோயாளி எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார்?

"ஆல்வியோலை ஆய்வில்தான் ஒண்ணும் வித்தியாசம் வரலையே, அப்புறம் எதுக்கு பீப் பத்தி இவ்வளவு பேச்சு?" என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இது.

மருத்துவம் படிக்காதவர்களுக்கு: ஏ.ஆர்.டி.எஸ். என்றால் நுரையீரல் காற்றறைகளில் நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் போவது. நிமோனியாவாலும் வரும், கணைய அழற்சியாலும் வரும். மூச்சு வெளியே போன பிறகும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெண்டிலேட்டர் விட்டுவைக்கும் அழுத்தம்தான் பீப்.

2004-இல் வந்த ஆல்வியோலையில் 549 நோயாளிகள். குறைந்த பீப் வைத்தவர்களில் 24.9 சதவீதம் பேர் இறந்தார்கள், அதிக பீப் வைத்தவர்களில் 27.5. வித்தியாசம் இல்லை, கடையைக் கட்டு என்றார்கள்.

2014-இல் கரோலின் கால்ஃபி குழு அதே நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த ஐ.எல்.-6, ஐ.எல்.-8 போன்றவற்றையும் மற்ற விவரங்களையும் சேர்த்துப் பார்த்தது. ஒரே பெயருக்குள் இரண்டு கூட்டம்! அழற்சி குறைவாக இருந்த பெரிய கூட்டத்தில் பீப்பைக் கூட்டியதும் இறப்பு 16-இலிருந்து 24 சதவீதம் ஆனது. அழற்சி கொதித்த சின்னக் கூட்டத்திலோ 51-இலிருந்து 42-ஆகக் குறைந்தது. எதிரெதிர்த் திசை. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிட்டு 'ருசியே இல்லை' என்றால் யார் தப்பு?

'பின்னாடி உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தா எதுவும் கிடைக்கும்' என்பீர்கள். நியாயம்தான். நிரூபணம் என்று நானும் சொல்லவில்லை. ஹார்ப்-2 ஆய்வை 2018-இல் இப்படிப் பிரித்தபோது, அழற்சி மிகுந்தவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் உதவியதுபோல் தெரிந்தது. ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்த செய்ல்ஸ் ஆய்வில் அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் பிரிவினை மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இரண்டாகத்தான் வருகிறது. இதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

எல்லாமே பிரித்தால்தான் புரியும் என்றும் இல்லை. கிலோவுக்கு 12 மி.லி.க்குப் பதில் 6 மி.லி. காற்று போதும் என்று 2000-இல் ஆர்மா காட்டியது, இறப்பு 39.8-இலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. அதை யாரும் தொட வேண்டாம்.

எனக்கு வேண்டியது இதுதான்: அடுத்த ஆய்வில் ஆளைச் சேர்க்கும் முன்பே எந்தக் கூட்டம் என்று பாருங்கள். 'ஐ.எல்.-8 பார்க்க வசதி எங்கே?' என்பது நல்ல சாக்கு. ஐ.எல்.-8 இல்லாமல், பைகார்பனேட் மாதிரி வார்டில் தினமும் எடுக்கும் அளவுகளை வைத்தே ஓரளவு பிரிக்கலாம் என்று 2020-லேயே காட்டிவிட்டார்கள்.